மாமா வேலையில் குறை சொல்வது எப்படி

1

போன செவ்வாய்க்கிழமை காலையில் ஆபீசுக்குப் போனபோது என் மேஜை மேல் ஒரு கண்ணாடிக் கட்டி இருந்தது. செங்கல்லில் பாதி அளவு. உள்ளே கம்பெனியின் சின்னமும் என் பெயரும். நான் இங்கே சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறதாம், அதற்கு மரியாதை. பக்கத்து மேஜைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கை கொடுத்தார்கள்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. ஐந்து வருஷத்துக்குக் கொடுப்பார்கள், பத்து வருஷத்துக்குக் கொடுப்பார்கள், எட்டுக்கு எதற்குக் கொடுக்கிறார்கள்? பத்து வரைக்கும் நான் இருக்கமாட்டேன் என்று மேலே யாராவது முடிவு செய்துவிட்டார்களா? மத்தியானம் வரை இதே யோசனைதான். பிறகு விசாரித்ததில், இந்த வருஷம் முதல் எல்லாருக்கும் வருஷா வருஷம் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. அதற்குப் பிறகும் கட்டியைத் தூக்கி, அடியில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வைத்தேன்.

இந்தக் குணம் அப்பாவிடமிருந்து வந்தது. கடலூர் கலெக்டர் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அழுதுகொண்டு வருகிறவன் மனுவை ஒரு முறை படிப்பார், சிரித்துக்கொண்டு வருகிறவன் மனுவை இரண்டு முறை படிப்பார். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பதை எங்கள் வீட்டில் யாராவது ஒருத்தர் தினமும் சொல்லிவிடுவோம்.

ஊரிலிருந்து யார் பேசினாலும், பெரிய கம்பெனியில் ராஜா மாதிரி வைத்திருக்கிறார்களாமே, எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சந்தேகப்பட்டதை எல்லாம் எழுதினால் முடியாது. ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

2

ராஜா மாதிரி வைத்திருப்பது உண்மைதான். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வருஷத்தில் பாதி நாள் தூறிக்கொண்டே இருக்கிற ஊர் இது. ஆபீசில் குடிக்கிறது எல்லாம் ஓசி. அழுக்குத் துணியைக் கொண்டுபோனால் துவைத்துத் தருவார்கள். பல் டாக்டர் ஒரு வண்டியில் வந்து வாசலிலேயே நிற்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் இதையெல்லாம் பார்த்து அம்மாவுக்குப் போட்டோ அனுப்புவார்கள். ஒருத்தன் வீட்டுக்குப் போக ஒரு காரணமும் மிச்சம் வைக்கக் கூடாது, அதுதான் கணக்கு என்று எனக்கு முதல் வாரமே தோன்றிவிட்டது.

கடலூர்க்காரனுக்கு இப்படித்தான் தோன்றும். நான் படிக்கும் காலத்தில் பழைய டவுன் பக்கத்து ரசாயன ஆலைகளில் இருந்து காற்று திரும்பினால் ஜன்னலைச் சாத்துவோம். ஊர்க்காரர்கள் போய்க் கேட்டால் அதிகாரிகள் டீ கொடுத்து உட்காரவைத்து, வெறும் வாசனைதான், உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்பார்கள். அவர்கள் குடும்பமெல்லாம் பாண்டிச்சேரியில் குடியிருக்கும். அந்த டீயைக் குடித்து வளர்ந்த ஊர் எங்கள் ஊர்.

பேச்சிலும் வழுக்கி விழுந்திருக்கிறேன். சேர்ந்த புதிதில் ஒரு கூட்டத்தில், நம் காலேஜில் கேட்கிற மாதிரி, எனக்கு ஒரு டவுட் என்று கையைத் தூக்கினேன். வகுப்பில் அது சாதாரணக் கேள்வி. இங்கே எல்லார் முகமும் மாறிவிட்டது. எதை நம்பவில்லை, யாரை நம்பவில்லை என்று கேட்டார்கள். நான் எதையுமே நம்பவில்லை என்பது அவர்களுக்கு அப்போதே எப்படியோ தெரிந்துவிட்டது.

வருஷக் கடைசியில் மேனேஜர்கள் எல்லாம் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். யார் வேலை மேல், யார் வேலை கீழ் என்று எங்களை வரிசையாக நிறுத்துவது அங்கேதான். எல்லாருமே நன்றாக உழைத்திருந்தாலும் யாராவது ஒருத்தர் கடைசியில் நின்றாக வேண்டும், அது சட்டம். அதனால் குளிர் ஆரம்பித்தாலே ஆபீசில் பாசம் ஜாஸ்தியாகிவிடும். வார விடுமுறை எப்படிப் போயிற்று என்று ஆளாளுக்கு வந்து கேட்பார்கள். நன்றாகப் போனது என்பதற்கு மேல் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

3

இனி மாமா.

மாமா என்றால் என் அக்கா வசந்தியின் வீட்டுக்காரர். அவர் பெயரை இங்கேயும் எழுதப் போவதில்லை. அக்கா இதைப் படிப்பாள்.

சொந்த ஊர் அண்ணாகிராமம் பக்கம். முந்திரியும் பலாவும்தான் குடும்பச் சொத்து. இவர் தோப்பை அண்ணனிடம் விட்டுவிட்டு, கல்யாணம் ஆன புதிதில் சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்தார். நான் அப்போது அந்த ஊரில்தான் படித்தேன். படிப்பு, கல்யாணம் எல்லாம் முடிந்து 2004-ல் விசாவுக்கான காகிதங்களை அவர் சென்டரில்தான் பிரின்ட் எடுத்தேன். பரீட்சை ரிசல்ட் வரும் நாளில் அவர் கடை வாசலில் சைக்கிள் நிறுத்த இடம் இருக்காது. பிறகு ரிசல்ட் எல்லார் போனுக்கும் வர ஆரம்பித்தது, சென்டர் படுத்துவிட்டது. மாமா தானாகவே படித்து, சென்னையில் சின்னச் சின்னக் கம்பெனிகளில் புரோகிராம் எழுதி, 2010-ல் எங்கள் கம்பெனியின் சென்னைக் கிளைக்கு வந்து சேர்ந்தார். காலியிடம் இருப்பதைச் சொன்னது மட்டும்தான் நான். இன்டர்வியூவில் தேறியது அவர்.

வேலை ஒப்பந்தத்தில். இரண்டு வருஷத்தில் நிரந்தரமாக்குவார்கள், இல்லையென்றால் அனுப்பிவிடுவார்கள். இரண்டு பெண் பிள்ளைகள், மடிப்பாக்கத்தில் வாடகை வீடு, வயது நாற்பதை நெருங்குகிறது. இங்கே விட்டால் வேறு எங்கேயும் அவரை எடுக்கமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அடுத்த வருஷம் கம்பெனியில் குழுக்களைக் கலைத்துப் போட்டார்கள். யாரையும் கேட்காமல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்வது அது. சீட்டுக் குலுக்கியதில் மாமாவின் குழு என் குழுவோடு சேர்ந்துவிட்டது. அவருக்கு மேனேஜர் சென்னையில் வேறு ஆள். ஆனால் அவர் எழுதும் புரோகிராமைப் படித்துப் பார்த்துச் சரி சொல்ல வேண்டியவன் நான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் தொழிலில் ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் வரி வரியாகப் படித்து, இது தப்பு, இது சுற்றி வளைக்கிறது, இதை அழித்து எழுது என்று குறிப்புப் போட வேண்டும். அந்தக் குறிப்பைக் குழுவில் எல்லாரும் பார்க்கலாம். அப்படிச் சரி சொன்ன பிறகுதான் அது கம்பெனியின் மொத்தப் புரோகிராமுக்கு உள்ளே போகும். நான் இந்த வேலையில் கெட்ட பெயர் எடுத்தவன். என் குறிப்புக்குப் பயந்து லீவு போட்டவர்கள் உண்டு.

அக்காவின் கணவர் எழுதியதை ஊர் பார்க்க அழித்து எழுது என்று எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் அவர் வந்தால் அப்பாவே நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். குழம்பில் உப்பு இல்லையென்று அவர் சொன்னால் அம்மா இரண்டு நாள் வருத்தப்படுவாள். அவர் செய்ததில் உப்பு இல்லையென்று நாங்கள் யாரும் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது.

அதனால் மாமா எழுதியது வந்தால் ஒரு முறை படிப்பேன். கண்ணில் படுவது படும். சரி என்று போட்டுவிடுவேன். பெரிய ஓட்டையாக இருந்தால் அவர் உள்ளே போட்டதற்குப் பிறகு நானே சத்தமில்லாமல் வேறொரு இடத்தில் அடைத்துவிடுவேன்.

பெயர் இன்னொரு சங்கடம். வாரம் இரண்டு நாள் எங்களுக்குச் சாயங்காலமும் அவர்களுக்குக் காலையுமாக எல்லாரும் போனில் கூடிப் பேசுவோம். இங்கே மேனேஜரிலிருந்து மேலே உள்ள பெரிய தலை வரை எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மற்றவர்களைக் கூப்பிட எனக்குப் பழகிவிட்டது. மாமா அந்தப் பக்கம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. சென்னையில் இருக்கும் நண்பர் என்பேன். அந்தப் பகுதியைச் செய்பவர் என்பேன். ஒரு நாள் வேறு வழி இல்லாமல் அவர் எழுதிய புரோகிராமின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

என் மகள் இனியாவுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் சிநேகிதியின் அப்பாவையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கைப்பில் அக்கா வீட்டோடு பேசும்போது, ஹாய் என்று சொல்லி மாமாவின் பெயரை முழுசாகச் சொன்னாள். என் மனைவி சுதா அவள் வாயைப் பொத்தப் போனாள். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம குடும்பத்துல என் பேரு தெரிஞ்ச ஒரே ஆளு இதுதான்" என்றார். நானும் சிரித்தேன். அவர் அதை வேடிக்கையாகச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா என்று அந்த வாரம் பூராவும் யோசித்தேன்.

4

என் மேனேஜர் லிண்டா. ஐம்பது வயது இருக்கும். மேஜையில் பூனைப் படம். கதவைச் சாத்தவே மாட்டார். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். வருஷக் கடைசி வரிசைக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

முதலில் என் மகளைப் பற்றிக் கேட்டார், மழையைப் பற்றிப் பேசினார். பிறகு மெதுவாக, சென்னையில் இருக்கும் அவரோடு எனக்கு ஏதாவது பிரச்சினையா என்றார். கூட்டத்தில் அவரை மட்டும் நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்பதைப் பல பேர் கவனித்திருக்கிறார்களாம். மற்றவர்களுக்குப் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதுகிற நான் அவருக்கு ஒரு வார்த்தையோடு முடித்துக்கொள்கிறேனாம். அவரை நான் ஒரு மனிதராகவே மதிக்கவில்லை என்று தோன்றுகிறதாம். தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். உங்கள் நாட்டில் மனிதர்களுக்குள் இருக்கும் மேல் கீழ் பற்றி ஒரு பயிற்சி வகுப்பில் கேள்விப்பட்டேன், அப்படி ஏதாவது உண்டா என்றார்.

எனக்கு உடம்பு கூசிவிட்டது. அவரைக் கீழே வைத்திருக்கிறேன் என்று இந்த அம்மா நினைக்கிறார். நானோ தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு இறக்க இடம் தெரியாமல் நிற்கிறேன். நாங்கள் இருவரும் ஒரே சாதி என்று சொல்லித் தப்பிக்கலாம். அதைச் சொல்லவும் வாய் கூசியது.

சொந்தக்காரர் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் சொந்தக்காரர்கள் ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது என்று கம்பெனியில் விதி இருக்கிறது. குழுவைக் கலைத்தபோதே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் இரண்டு பேரில் ஒருவரை நகர்த்துவார்கள். நிரந்தரம் இல்லாத ஆளைத்தான் நகர்த்துவார்கள், அதுவும் வாசல் பக்கமாக. இன்றைக்கும் என் கணக்கு தப்பு என்று நான் நினைக்கவில்லை. இன்னொரு பக்கம் என் காகிதங்கள். இங்கேயே தங்குவதற்கான பச்சை அட்டைக்கு வரிசையில் நின்று வருஷக்கணக்கில் ஆகிறது. நடுவில் வேலை போனால் வரிசையும் போகும், வீடும் போகும், இனியாவை ஐந்தாங்கிளாசுக்குக் கடலூரில் சேர்க்க வேண்டியதுதான். அவளுக்குத் தமிழில் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும்.

ஒன்றும் இல்லை, அவர் நல்ல வேலைக்காரர் என்று லிண்டாவிடம் சொன்னேன். சொல்லும்போதே அது பொய்ச் சாட்சி சொல்கிறவன் குரலாக எனக்கே கேட்டது. லிண்டா சிரித்து, நன்றி சொன்னார். அந்தச் சிரிப்பை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

அதே சமயத்தில் மாமாவும் ஒரு மாதிரி பேச ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னைக் கிளையை மூடப் போகிறார்களா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். வேறொரு கம்பெனியின் பெயரைச் சொல்லி, அது எப்படி, அங்கே போனால் தாக்குப்பிடிக்கலாமா என்றார். இவர் எங்கேயோ இன்டர்வியூவுக்குப் போகிறார், என்னிடமே மறைக்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன்.

5

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தது. ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே அப்படி ஒன்று நடந்ததாகவே யாருக்கும் தெரியாது. டிவியில் ஒரு வரி வரவில்லை.

மாமா வருஷக் கடைசி லீவில் அக்காவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அண்ணாகிராமம் போயிருந்தார். அவர் போன் அடிக்கவில்லை, அக்கா போன் அடிக்கவில்லை, கடலூரில் அப்பா வீட்டு லைனும் செத்துக் கிடந்தது. கம்ப்யூட்டரில் செய்திகளைத் தேடினால் வேரோடு சாய்ந்த முந்திரித் தோப்புகளும் கூரை போன வீடுகளுமாக வந்தன. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, எங்கள் தெருவா என்று பார்த்தேன். பயம் என்றால் எப்படி இருக்கும் என்று அந்த நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது. ஆபீசில் கேட்டவர்களுக்கு விடுமுறை நன்றாகப் போனது என்றேன்.

புது வருஷம் பிறந்து முதல் கூட்டத்தில் மாமா இல்லை. இரண்டாவது கூட்டத்திலும் இல்லை. லீவு எப்போதோ முடிந்துவிட்டது, ஆளைப் பிடிக்கவே முடியவில்லை என்று சென்னை மேனேஜர் சொன்னார். வருஷம் பிறந்ததும் இப்படித்தான், சொல்லாமல் கொள்ளாமல் வேறு இடத்துக்குத் தாவிவிடுவார்கள், இவருக்குப் பதில் ஆள் பார்க்கலாமா என்றும் கேட்டார். அவர் வடக்கே எங்கேயோ இருந்து வந்தவர். புயல் அடித்ததே என்று அங்கிருந்து ஒருத்தர் சொன்னதற்கு, சென்னையில் அடிக்கவில்லையே என்றார். லிண்டா இந்த வாரக் கடைசி வரை பார்க்கலாம் என்றார்.

எனக்கும் அந்த நேரத்தில் அந்த நினைப்பு வந்தது, மறைக்கவில்லை. புயலைச் சாக்கு வைத்து அந்த வேறு கம்பெனிக்குப் போய்விட்டாரோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

மறுநாள் அப்பா பேசினார். பக்கத்துத் தெருவில் ஜெனரேட்டர் வைத்து எல்லார் போனுக்கும் சார்ஜ் போட்டுக் கொடுக்கிறார்களாம், யாருடைய போனிலோ பேசினார். எல்லாரும் உயிரோடு இருக்கிறோம் என்றார். நம் வீட்டுப் பின்கட்டில் ஓடு பறந்து சுவர் சாய்ந்துவிட்டதாம். புயல் ஓய்ந்த மறுநாளே மாமா விழுந்து கிடக்கும் மரங்களுக்கு நடுவே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாராம். தன் தோப்பில் எத்தனை மரம் மிச்சம் என்றுகூட முழுசாகப் பார்க்கவில்லையாம்.

"இங்கதான்டா இருக்காரு. ஓட்டு மேல நிக்கிறாரு. ஆளு கெடைக்கல, தானே மாத்துறாரு. ஆபீசுல உன்னைச் சொல்லிடச் சொன்னாரு. மச்சான்கிட்ட சொன்னாப் போதும், அவன் பாத்துப்பான்னாரு" என்றார் அப்பா.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மாமா கணக்கில் அது சரி. மச்சானுக்குத் தெரிந்தால் கம்பெனிக்குத் தெரிந்த மாதிரிதான். ஆனால் எனக்கு எப்படித் தெரியும் என்று கம்பெனி கேட்குமே. சென்னை மேனேஜருக்கே கிடைக்காத ஆள் என் அப்பா வீட்டு ஓட்டின் மேல் எதற்கு நிற்கிறார் என்று கேட்குமே.

சுதாவிடம் சொன்னேன். எப்படிச் சொல்வது, யார் மூலமாகச் சொல்வது என்று வழிகளை அடுக்கினேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். "அங்க அவரு உங்க வேலைய செஞ்சிட்டு இருக்காரு. நீங்க இங்க என்னா பண்ணிட்டு இருக்கீங்க?"

6

மறுநாள் காலையில் லிண்டாவிடம் போய், அவர் என் அக்காவின் கணவர் என்று சொன்னேன். புயலைச் சொன்னேன், ஓட்டைச் சொன்னேன், பெயர் சொல்லாத வழக்கத்தையும் சொன்னேன். அவர் நல்லவர், பொறுப்பானவர், ஒரு நாளும் சொல்லாமல் ஓடுகிறவர் இல்லை, நான் உத்தரவாதம் என்றேன்.

லிண்டா கவனமாகக் கேட்டார். உங்கள் குடும்பம் பத்திரமாக இருப்பதில் சந்தோஷம் என்றார். அடுத்ததாக, "அப்படியானால் இத்தனை நாளும் உங்கள் அக்கா கணவரின் வேலைக்கு நீங்களே சரி சொல்லி வந்திருக்கிறீர்கள்" என்றார்.

எங்கள் ஊரில் ஒருத்தனைப் பற்றி விசாரிக்க வந்தால், அவன் எனக்குச் சொந்தம் என்றாலே பாதி சாட்சி சொன்னதற்குச் சமம். இங்கே சொந்தம் என்ற அந்த ஒரு வார்த்தையோடு நான் சொன்ன சாட்சி மொத்தமும் செல்லாமல் போனது. அந்த அறையிலிருந்து வெளியே வரும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

லீவு விஷயத்தில் கம்பெனி தாராளமாக நடந்துகொண்டது, பொய் சொல்லக் கூடாது. மாமாவுக்குக் கூடுதலாக லீவு கொடுத்தார்கள், ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டு மெயில் போட்டார்கள். சென்னை மேனேஜர் மன்னிப்புக்கூடக் கேட்டார். என்னை இரண்டு கூட்டத்துக்குக் கூப்பிட்டு, முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று பதிவு செய்துகொண்டு விட்டுவிட்டார்கள். இவ்வளவு சுலபமாக ஏன் விட்டார்கள் என்று இன்னும் எனக்குச் சந்தேகம்தான்.

ஆனால் மாமா எழுதியது எல்லாவற்றையும் முதலிலிருந்து வேறொருவர் படித்துப் பார்க்க வேண்டும் என்று முடிவானது. அந்த வேலை பிரையன் என்ற ஒருவனுக்குப் போனது. யாருக்கும் குட் மார்னிங் சொல்லாத ஆள். கேரட்டைக் கடித்துக்கொண்டே குறிப்பு எழுதுவான். எழுதியவர் முகத்தை நினைத்துப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

மாமா விஷயத்தில் நான் இனி எதுவும் எழுதக் கூடாது. படிப்பதைத் தடுக்கவில்லை. பிரையன் போட்ட குறிப்புகளைத் தினமும் திறந்து படித்தேன். இது சுற்றி வளைக்கிறது. இது பத்து பேர் வந்தால் தாங்கும், ஆயிரம் பேர் வந்தால் விழும். இதை யார் சரி சொன்னார்கள்? அதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. எல்லாம் நான் ஏற்கெனவே பார்த்துத் தாண்டிப் போனவை.

மூன்று மாதம் கெடு கொடுத்தார்கள். அதற்குள் தேறினால் நிரந்தரம், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். அக்கா ஞாயிற்றுக்கிழமை பேசுவதை நிறுத்திவிட்டாள். பேசினாலும் இனியாவிடம் நாலு வார்த்தை பேசி வைத்துவிடுவாள். நான்தான் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று அவள் நினைக்கிறாள் என்று தெரிந்தது. காப்பாற்றத்தான் சொன்னேன் என்று எப்படி விளக்குவது?

மாமா தேறிவிட்டார். கோடையில் நிரந்தரமாக்கிவிட்டார்கள். கடைசி மாதங்களில் பிரையனின் குறிப்புகள் குறைந்து குறைந்து, ஒரு நாள் வெறும் சரி என்று மட்டும் வந்தது. அது நான் போட்ட சரி இல்லை.

7

ஆகஸ்டில் நாங்கள் ஊருக்குப் போனோம். வேலை நிரந்தரமானால் நடராஜருக்கு அர்ச்சனை செய்வதாக அக்கா வேண்டிக்கொண்டிருந்தாள். அதனால் எல்லாரும் சேர்ந்து சிதம்பரம் கிளம்பினோம். அக்கா என்னிடம் பழையபடி பேசினாள், ஆனால் என் தட்டில் தானாக எதையும் வைக்கவில்லை.

அர்ச்சனை முடிந்ததும் பெண்கள் வளையல் கடைக்குள் நுழைந்துவிட்டார்கள். இனியா அத்தை பிள்ளைகளோடு போய்விட்டாள், மூன்று பேரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டு. மாமாவும் நானும் கீழவீதியில் ஒரு டீக்கடையில் நின்றோம். அவர் சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ் செய்கிறார்கள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஆபீஸ் பேச்சை நான் எடுக்கவே இல்லை. அவர்தான் எடுத்தார். பிரையன் என்ன வயது ஆள், குடும்பம் இருக்கிறதா என்று விசாரித்தார். கல்யாணம் ஆனவனா என்றுகூட எனக்குத் தெரியாது என்றேன். பிறகு டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு மச்சான். பிரையன் சொன்ன குறையெல்லாம் நீ படிக்கும்போது உன் கண்ணுல படலியா?"

படவில்லை என்றால் என் தொழில் பொய். பட்டது என்றால் நான் பொய். அமெரிக்காவில் மனிதவளக்காரர்கள் இரண்டு கூட்டம் போட்டும் கேட்கத் தெரியாத கேள்வியை மாமா டீக்கடையில் கேட்டுவிட்டார்.

"பட்டுச்சு மாமா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பேர் சொல்லாதது எனக்குத் தெரியும், அது நம்ம பழக்கம். ஒரு குறைகூட சொல்லலியே, அதான் புரியல. நம்மள அனுப்புறதா முடிவு பண்ணிட்டாங்க, அதான் மச்சான் நம்ம வேலைய படிக்கிறதே இல்ல, மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாம கம்முனு இருக்கான்னு நெனச்சேன். அதான் வேற எடம் கேட்டேன்" என்றார்.

"மரியாதைக்காகத்தான் மாமா" என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மரியாதைய வீட்டுக்கு வரும்போது குடு. நான் இந்த வயசுல வேலை கத்துக்க வந்தவன்."

டீக்கு அவரே காசு கொடுத்தார். எப்போதும் நான் கொடுக்கப் போவேன், அவர் தடுப்பார். இந்த முறை நான் பையில் கை விடவே இல்லை.

பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நெரிந்தது. கடலூர் பஸ் வந்ததும் பெண்களை ஏற்றிவிட்டு நாங்கள் பின்னால் உட்கார்ந்தோம். புதுச்சத்திரம் வரை மாமா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சாலை ஓரத்தில் புயலில் சாய்ந்த மரங்கள் சில இடத்தில் இன்னும் அப்படியே கிடந்தன. திடீரென்று என் பக்கம் திரும்பி, பிரையனுக்கு முந்திரிப் பருப்பு பிடிக்குமா என்று கேட்டார்.

தோப்பில் மிச்சம் நின்ற மரங்களில் இந்த வருஷம் கொஞ்சம்தான் காய்த்ததாம். அதை உடைத்து, முழுப் பருப்பாகப் பொறுக்கி, ஒரு டப்பாவில் போட்டுத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாராம். நான் திரும்பிப் போகும்போது கொண்டுபோய் அவரிடம் கொடுக்க வேண்டுமாம். "யாருன்னே தெரியாத ஆளு. நம்ம மேல அக்கறை இல்லாமயா ஒக்காந்து அவ்ளோ குறை எழுதுவாரு?" என்றார்.

தன் வேலையைப் பார்த்துச் சரி சொல்கிறவருக்குப் பொருள் கொடுப்பதற்கும் எங்கள் கம்பெனியில் ஒரு விதி இருக்கிறது. அதை நான் சொல்லவில்லை. கொடுத்துவிடுகிறேன் மாமா என்றேன். எனக்கென்று அவர் எதுவும் எடுத்து வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.